‘மாடு’ வர எத்தனை மாதம்?

பாடு, மாடு. இரண்டையும் குரல் எழுப்பாமல் கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். உதட்டை மட்டுமே பார்க்கும், காது கேளாத குழந்தைக்கு இரண்டும் ஒரே சொல். பேச்சுப் பயிற்சி ஆசிரியை குழந்தையின் விரலைத் தன் மூக்கின்மேல் வைத்து ‘ம்’ என்பார், மூக்கு அதிரும். உதட்டருகே காகிதத் துண்டைப் பிடித்து ‘ப’ என்பார், காகிதம் ஆடும். நாளையும் இதே, அடுத்த மாதமும் இதே. ஒருவழியாக வந்த ‘ம’, கோடை விடுமுறை முடிந்து வரும்போது காணாமல் போயிருக்கும்.

இந்த வேலையில் ஆசிரியைக்கு வரும் மனச்சோர்வு (பர்ன்-அவுட்), ஒருநாள் தூங்கினால் தீர்கிற அசதி அல்ல. போதைக்கு அடிமையானவர்களுக்கான நியூயார்க் இலவச மருத்துவமனையில், ஆர்வத்தோடு வந்த தொண்டர்கள் கருகிப்போவதைக் கண்டு, 1974-இல் இதைப் பற்றி எழுதினார் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 22 கேள்விகளில் அதை அளக்க வழிசெய்தார்கள். அதில் மூன்று இழைகள்: உணர்வு வற்றுவது, எதிரில் இருப்பவரிடம் ஒட்டாமல் போவது, ‘நம்மால் ஒன்றும் ஆகவில்லை’ என்ற நினைப்பு. பேச்சுப் பயிற்சியில் மூன்றாவதுதான் முதலில் கதவைத் தட்டும் என்பது என் எண்ணம். கணக்கு வாத்தியாருக்குப் பரீட்சைத் தாள் பதில் சொல்லும். இவருக்கு ஒரே ஓர் எழுத்து பதில் சொல்லவே மாதங்கள் ஆகும்.

உழைப்புக் கருவியான குரலும் தேய்கிறது. பெண்கள் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்கின்றன. பக்கத்து வகுப்பு இரைச்சலில் குரல் தானாகவே உயர்ந்துவிடும். இதற்கு லொம்பார்ட் விளைவு என்று பெயர்.

“வேலை ரொம்பப் பிடிக்கும், ஆனா முடியலை” என்பார்கள் இந்த ஆசிரியைகள். முரண்பாடு போலத் தெரியும், இல்லை. பிட்ஸ்பர்க்கில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசிய உளவியலாளர் ஃப்ரெடரிக் ஹெர்ஸ்பெர்க், வேலை நிறைவும் அதிருப்தியும் ஒரே கோலின் இரு முனைகள் அல்ல என்று 1959-இல் சொன்னார். சம்பளம், மேலதிகாரி, வேலைச்சூழல் சரியானால் குறை தீரும்; நிறைவு வேலைக்குள்ளிருந்தே வர வேண்டும். தமிழ்நாட்டில் சிறப்புப் பயிற்றுநர்கள் பலர் ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் இருக்கிறார்கள். சம்பளத்தை உயர்த்தாமலிருக்க ஹெர்ஸ்பெர்க்கைச் சாக்குச் சொல்லக் கூடாது, அது வேறு கணக்கு.

நிறைவு வர, பலன் கண்ணில் பட வேண்டும். தினமும் பார்க்கிற குழந்தை வளர்வது நமக்குத் தெரியாதல்லவா, பேச்சும் அப்படித்தான். மாதம் ஒருமுறை அதே பத்துச் சொற்களைக் கைபேசியில் பதிந்து வைத்தால் போதும். ஜூனில் ‘மாமா’வைப் ‘பாப்பா’ என்ற பிள்ளை டிசம்பரில் மூக்கு அதிர ‘மாமா’ என்பது, இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்கும்போதுதான் காதில் விழும்.