உள்ளே எதுவும் இல்லாத ஓடு

மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் கேட்டிருந்தார்: "மகள் ஆறாம் ஆண்டு படிக்கிறா. ஸ்கூல்ல எச்.பி.வி. ஊசி போடப் போறாங்களாம். கிருமியையே ஏத்துறாங்க, பிறகு புள்ள தங்காதுன்னு லயத்துல சொல்றாங்க. உண்மையா?"

இரண்டுமே பொய். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அநேகமாக எல்லாமே எச்.பி.வி. எனும் பாப்பிலோமா வைரசால் வருவது. அதைத் தடுக்கத்தான் இந்த ஊசி. அந்த வைரசில் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே பத்தில் ஏழுக்குக் காரணம். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே வைரசை விரட்டிவிடும். போகாமல் தங்கினால்தான் கலங்கள் மெல்ல மாறும். புற்றாவதற்குப் பத்துப் பதினைந்து வருடமாவது பிடிக்கும்.

சரி, ஊசிக்குள் என்ன இருக்கிறது? வைரசின் வெளி ஓட்டில் பெரும்பகுதி எல்1 என்ற புரதம். கார்டசில் என்ற எச்.பி.வி. ஊசிக்கு அந்தப் புரதத்தின் மரபணுவை மட்டும் ஈஸ்டுக்குள் வைக்கிறார்கள். பாண் மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். ஈஸ்ட் எல்1ஐச் செய்து குவிக்கும். அவை ஐந்தைந்தாகச் சேரும். அப்படி 72 கூட்டங்கள், ஆக 360 புரதங்கள், கங்காணி இல்லாமலே வரிசை பிடித்து ஓர் உருண்டையாகிவிடும்! வைரஸ் இல்லாமலே ஓடு கூடும் என்று 1991இல் காட்டியவர்கள் ஆஸ்திரேலியாவில் வேலை செய்த இயன் ஃப்ரேசரும் ஜியான் சோவும். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஓட்டுக்குள் வைரசின் மரபணு கிடையாது. அதனால் அது பெருகாது, தொற்றாது, கருப்பையை ஒன்றும் செய்யாது. அசல் வைரஸ் தோலின் மேல்படையிலேயே பதுங்குவதால் எதிர்ப்புச் சக்தியின் கண்ணில் சரியாகப் படுவதில்லை. ஊசியோ ஓட்டை நேரே தசைக்குள் கொண்டுபோய்க் காட்டுகிறது. ஒரே வடிவம் ஓடு முழுக்கத் திரும்பத் திரும்ப வருவதால் எதிர்ப்புப் புரதங்கள், நோய் தொற்றி வருவதைவிட மிக அதிகமாகச் சுரக்கும். பிறகு அசல் வைரஸ் வந்தால், கலத்துக்குள் நுழையும் முன்பே அவை ஒட்டி மடக்கிவிடும். ஏற்கனவே நுழைந்ததை ஊசியால் விரட்ட முடியாது. 2017 முதல் இங்கே இலங்கையில் தரம் 6இலேயே இலவசமாகப் போடுவது அதனால்தான்.

அப்புறம் அக்கா, உங்களுக்கு. 35 வயதிலும் 45 வயதிலும் சுகவனிதையர் கிளினிக்கில் பரிசோதனை உண்டு, அதுவும் இலவசம். கருப்பைக் கழுத்தைச் சின்னத் தூரிகையால் தடவி எடுப்பார்கள், சில நிமிடம்தான். மாறிய கலங்களைப் புற்றாகும் முன்பே கண்டுபிடித்து அகற்றலாம். ஆனால் கிளினிக் போன நாளுக்குப் பேர் விழாது, அன்றைய சம்பளம் கிடைக்காது என்றால் யார்தான் போவார்? அன்றைக்கு முழுப் பேர் போட வேண்டும். தொழிற்சங்கங்கள் இதைக் கேட்டு வாங்க வேண்டும். திகதியை உங்கள் மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.