கருக்கலைப்புக்குப் பிறகு காய்ச்சல் ஏன் வருகிறது?

கம்பத்திலிருந்து ஜீப் ஏறி, குமுளி தாண்டி ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போகிற பெண்கள் காய்ச்சலைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மலைக்குளிர், மழையில் நனைந்தது என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு மறுநாளும் கிளம்பிவிடுவார்கள். கருக்கலைப்பு செய்த சில நாட்களில் வரும் காய்ச்சலை மட்டும் அப்படி விடக் கூடாது.

கர்ப்ப காலத்தில் கர்ப்பப்பை வாயைக் கெட்டியான சளி அடைத்திருக்கும், குப்பிக்குத் தக்கை போல. பிறப்புறுப்பில் எப்போதும் கிருமிகள் உண்டு. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொந்தரவில்லை. கருக்கலைப்புக்காக வாயை விரித்துக் கருவியைச் செலுத்தும்போது அவை உள்ளே ஏறலாம். நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடமோ பச்சைப் புண். சதைத்துணுக்கு ஏதாவது தங்கிவிட்டால் கிருமிக்கு அதுவே தீனி. இந்தத் தொற்றுதான் காய்ச்சலாகத் தெரிகிறது. அங்கிருந்து கருக்குழாய்க்குப் பரவினால் பின்னால் குழந்தை தங்குவதே சிக்கலாகலாம். ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து. எருக்கங்குச்சி செருகிக் கலைத்த பெண்கள் செத்துப்போனதும் இப்படித்தான்.

முறையான மருத்துவமனையில் இந்தத் தொற்று அரிது. கருவிகளைக் கிருமி நீக்கியே பயன்படுத்துவார்கள். கரண்டி போன்ற கருவியால் சுரண்டும் பழைய 'டி அண்ட் சி'யைவிட, உறிஞ்சி எடுக்கும் முறையே பாதுகாப்பானது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிகிச்சைக்கு முன்பே டாக்சிசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக்கை ஒரு வேளைக்கு மட்டும் கொடுப்பார்கள். நேரம் இங்கே முக்கியம்: கிருமி உள்ளே வரும்போது மருந்து ஏற்கெனவே திசுவில் இருக்க வேண்டும். மாத்திரையால் கலைப்பவர்களுக்குக் கருவி உள்ளே போவதில்லை, அதனால் வழக்கமாக ஆன்டிபயாடிக் தேவைப்படாது.

கருவைக் கலைக்கத் தரும் மிசோப்ரோஸ்டால் மாத்திரை போட்ட அன்று குளிரும் லேசான காய்ச்சலும் வரலாம். அது மருந்தின் வேலை, தானாகத் தணியும். 100.4 டிகிரிக்கு மேல் ஒரு நாள் தாண்டியும் நீடித்தாலோ, நாற்றமடிக்கும் கசிவு, அடிவயிற்றில் விடாத வலி இருந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மணிக்கு இரண்டு நாப்கின் வீதம் இரண்டு மணி நேரம் நனைந்தாலும் அப்படியே. அரிதாக, காய்ச்சலே இல்லாமல் வாந்தியும் கடும் சோர்வுமாகவும் தொற்று வரும்.

ஓரிரு வாரம் உடலுறவு வேண்டாம், உள்ளே எதையும் வைத்துக் கழுவ வேண்டாம் என்பார்கள் மருத்துவர்கள். அப்புறம், ஆஸ்பத்திரியில் கருக்கலைப்பு செய்ததை மறைக்காதீர்கள். மறைத்தால் வைரல் காய்ச்சல் என்றே மருந்து எழுதுவார்கள், நாள் போய்விடும். கருக்கலைப்புச் சட்டம் 1971-லிருந்து தமிழ்நாட்டுக் கம்பத்துக்கும் கேரளத்துக் குமுளிக்கும் ஒன்றுதான். 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவர் கையெழுத்து போதும், கணவர் கையெழுத்து வேண்டாம். அந்தப் பெண்ணின் பெயரை மருத்துவர் வெளியே சொன்னால் அதற்குத் தண்டனை உண்டு.