முப்பது மில்லிசெகண்ட் பிந்தி வா

"ஒத்திகையே பார்க்காமல் மேடையேறுகிறார்களே, ஜாஸ்காரர்களுக்கு எப்படி ஒட்டுகிறது?" என்று கேட்டிருந்தார் ஒரு வாசகர். 1977 ஜூலையில் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ விழாவில் பதிவான கவுண்ட் பேஸி ஜாமை (ஜாம் என்றால் ஒத்திகையில்லாமல் கூடி வாசிப்பது) போட்டுக் கேளுங்கள். பியானோவில் பேஸி, வயது 72. டிராம்போன் விக் டிக்கன்சனுக்கு 70. ஆல்டோ சாக்ஸ் பென்னி கார்ட்டருக்கு 69.

ஒட்டுவது பெரிய மர்மமில்லை. ப்ளூஸ் என்ற பாட்டு வடிவம் என்றால் 12 பார், அதாவது 12 தாளச் சுற்று. எங்கே எந்தக் கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதைவிட, காலைத் தானாக ஆட வைக்கிறதே அந்த 'ஸ்விங்', அதுதான் எனக்குப் பிடித்த சங்கதி.

ஒரு தட்டை இரண்டு சுரமாகப் பிரிக்கும்போது இவர்கள் சரிபாதியாகப் பிரிப்பதில்லை. முதல் சுரம் நீளம், அடுத்தது குட்டை. 'தகிட' சொல்லி, முதல் இரண்டு எழுத்தையும் ஒன்றாக இழுத்தால் 2:1 வந்துவிடும். ஆனால் விகிதம் அங்கேயே நிற்பதில்லை. நிமிடத்துக்கு 200 தட்டு என்றால் ஒரு தட்டு 300 மில்லிசெகண்ட்: 200 நீளம், 100 குட்டை. வேகம் நிமிடத்துக்கு 300 தட்டு ஆனால் ஒரு தட்டே 200 மில்லிசெகண்ட்தான். நீளம் 100, குட்டை அப்போதும் 100! டிரம்மரின் சிம்பலை (டிரம்மோடு நிற்கும் உலோகத் தாளம்) அளந்த ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002-இல் எழுதியதும் இதுதான்: நடுத்தர வேகத்துக்கு மேல் போனால் குட்டைச் சுரம் 100 மில்லிசெகண்டை ஒட்டியே நிற்கிறது, வேகம் ஏற ஏற நீளச் சுரம்தான் தேய்கிறது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. தனி வாசிப்பவர் தட்டின் மேல் விழ வேண்டிய நீளச் சுரத்தை ஒரு நூலிழை பிந்தித் தருகிறார். குட்டைச் சுரத்தில் மட்டும் சிம்பலோடு சேர்ந்துவிடுகிறார். ஜெர்மனியின் கோட்டிங்கனில் மாக்ஸ் பிளாங்க் இயற்பியலாளர்கள் பியானோப் பதிவுகளில் இந்தத் தாமதத்தை, வெறும் 30 மில்லிசெகண்ட், கணினியில் செயற்கையாகச் சேர்த்து ஜாஸ் கலைஞர்களிடமே போட்டுக் காட்டினார்கள். கூடுதலாக ஸ்விங் ஆகிறது என்று அவர்கள் மதிப்பிட்டது இந்த வடிவத்தைத்தான். 2022-இல் கட்டுரை வந்தது. நம்மூரில் இப்படி ஓர் ஆய்வுக்குப் பணம் கேட்டால், "இதனால் சோறு கிடைக்குமா?" என்றுதான் கோப்பில் எழுதுவார்கள். "அதெல்லாம் ரத்தத்தில் ஊறியது" என்று சொல்லிவிட்டால் செலவு மிச்சம்.

30 மில்லிசெகண்டில் ஒலி பத்து மீட்டர் போகும். அதாவது, நீளச் சுரத்தை டிரம்முக்குப் பத்து மீட்டர் தள்ளி நின்று ஊதிவிட்டு, குட்டைச் சுரத்துக்கு ஓடிவந்து பக்கத்தில் நிற்கிற மாதிரி. கார்ட்டர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை.