அறுபது கிலோவுக்குக் கீழே

உசிலம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டங்களில் பூப் பறிக்கும் அம்மா அவர். மாரடைப்புக்காக வேறோர் ஊரில் ஸ்டென்ட் வைத்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது, மறுபடி அடைப்போ என்று பதறிப்போய் மதுரைக்கு அழைத்து வந்தார் மகன். இதயத்தில் புதிதாக ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின்தான் 7. பதினைந்து நாளாக மலம் தார் போலப் போயிருக்கிறது. “சத்து மாத்திரை சாப்பிடுகிறேனே, அதனால்தான் என்று இருந்துவிட்டேன் சார்” என்றார். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஏமாந்துபோவது அங்கேதான். ஆனால் பிசுபிசுவென்று, தாங்க முடியாத நாற்றத்துடன் போனால் வயிற்றில் இரத்தம் கசிகிறது என்று எண்ணி அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

எடை பார்த்தோம். 43 கிலோ. டிஸ்சார்ஜ் தாளில் எடைக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. ஸ்டென்ட்டில் இரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினோடு பிராசுகிரெல் என்ற மருந்தை 10 மில்லிகிராம் எழுதியிருந்தார்கள். அறுபது கிலோவுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாக 5 மில்லிகிராம்தான். பிராசுகிரெலையும் குளோபிடோகிரெலையும் ஒப்பிட்டு 2007இல் வெளியான டிரைட்டன் ஆய்விலேயே, எடை குறைந்தவர்களுக்கும் 75 வயதைத் தொட்டவர்களுக்கும் இரத்தக்கசிவையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் அதே வேலைக்கான பழைய மருந்து குளோபிடோகிரெலைவிட பிராசுகிரெலால் கூடுதல் நன்மை இல்லை என்று தெரிந்துவிட்டது. அந்த ஆய்வில் சேர்ந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளையர்.

ஜப்பானியர்கள் தங்கள் மக்களிடம் தனியாகச் சோதித்து, தினசரி அளவை 3.75 மில்லிகிராமாகக் குறைத்துக்கொண்டார்கள். கொரியாவில் 800 பேரிடம் நடந்த ஆய்வில், குறிப்பிடத்தக்க இரத்தக்கசிவு, பிராசுகிரெல் போல வீரியமான இன்னொரு மருந்தான டிகாக்ரெலார் எடுத்தவர்களில் 11.7 சதவீதம், குளோபிடோகிரெல் எடுத்தவர்களில் 5.3 சதவீதம்.

நாமும் ஆசியர்தானே என்று அந்தக் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர எனக்குச் சம்மதமில்லை. நம்மவர்களுக்கு மாரடைப்பு இளவயதிலேயே வருகிறது. இரத்தம் கட்டும் அபாயம் நமக்குக் குறைவு என்று சொல்ல முடியாது. குளோபிடோகிரெல் கல்லீரலில் ஒரு நொதியால் மாற்றப்பட்ட பிறகே வேலை செய்யும். அந்த நொதியை மந்தமாக்கும் மரபணு நம்மிடையே பரவலாக இருக்கிறது. அதனால் சிலருக்கு அது போதாமல், வீரியமான மருந்துக்கு மாற வேண்டியிருக்கிறது. மாறும்போது கசிவு அபாயமும் கூடவே வருகிறது. இனம் என்ற சொல்லை வைத்து மருந்து எழுத முடியாது. எடை, வயது, சிறுநீரகம், ஹீமோகுளோபின் ஆகியவற்றைப் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரத்த சோகை நம் பெண்களிடம் எவ்வளவு சகஜம் என்பது ஊரறிந்தது. ஹீமோகுளோபின் 11க்குக் கீழே இருப்பதே கசிவு அபாயத்தின் பெரிய அறிகுறிகளில் ஒன்று.

அந்த அம்மாவிடம் இன்னொன்றும் இருந்தது. பையைக் கவிழ்க்கச் சொன்னேன். மெடிக்கல் கடையில் மூட்டு வலிக்கென்று கேட்டு வாங்கிய டைக்குளோபினாக் அட்டை, பாதி காலி. ஆஸ்பிரினோடு அது சேர்ந்தால் இரைப்பை என்ன செய்யும்? எண்டோஸ்கோப்பியில் புண் தெரிந்தது.

மகன் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடலாம் என்றார். மூன்று மாத ஸ்டென்ட்டில் அப்படி நிறுத்தினால் உள்ளே இரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்தாகலாம். மருந்தை மாற்றுவதும் குறைப்பதும் மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை. பிராசுகிரெலுக்குப் பதில் குளோபிடோகிரெல், வயிற்று அமிலத்தைக் குறைக்கப் பான்டோபிரசோல் என்று மாற்றினோம். அதே வகை மாத்திரையான ஒமிப்பிரசோல், குளோபிடோகிரெலை மாற்றும் அந்த நொதியின் வேலையைக் கெடுக்கும் என்பதால் தவிர்த்தோம். டைக்குளோபினாக் கூடவே கூடாது என்று சொல்லி, மூட்டுக்குப் பாராசிட்டமால் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த முறை வந்தபோது ஹீமோகுளோபின் 9.5. “உங்கள் மாத்திரை மூட்டுக்கு ஒன்றும் கேட்கவில்லை சார்” என்று முகம் சுளித்தார்.