வரி போய்விட்டது, வாங்குபவர் ஏன் திரும்பி வரவில்லை?

"சார், வரியெல்லாம் எடுத்தாச்சு, பழைய மலேசியா பார்ட்டிக்கு ஒரு மெயில் போட்டுவிடுங்க, டன்னுக்குப் பத்து டாலர் குறைச்சே தர்றேன்." மன்னார்குடிப் பக்கத்துப் புழுங்கலரிசி மில் முதலாளி ஒருவர் போன வாரம் கேட்டது இது. தஞ்சாவூர், கும்பகோணம் என்று இதே கோரிக்கையோடு ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். ஏற்றுமதி ஆவணம் பார்ப்பது என் தொழில், மெயில் எழுதுவது பெரிய வேலை இல்லை. ஆனால் 2023இல் அந்த ஏற்றுமதி வரி வந்தபோது நடந்ததைப் பற்றி அதில் ஒரு வரிகூட இருக்காது என்றால் அதை அனுப்பவே வேண்டாம்.

"அரசாங்கம் போட்டது, நான் என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். எனக்குப் பொறுக்க முடியாத பேச்சு இதுதான். 2023 ஜூலை 20இல் தடை வந்தது பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு, அதாவது பச்சரிசிக்கு. புழுங்கலுக்குத் தடையே இல்லை. ஆகஸ்ட் 25இல் 20 சதவீத ஏற்றுமதி வரி வந்தது, அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, இன்கோடெர்ம்ஸ் என்கிற பன்னாட்டு வணிக விதிகளின்படி எஃப்ஓபி (கப்பலில் ஏற்றும்வரை விற்பவர் செலவு) ஆனாலும் சிஐஎஃப் (காப்பீடும் கப்பல் கூலியும் சேர்ந்த விலை) ஆனாலும் ஏற்றுமதி வரி விற்பவர் தலையில்தான். கையெழுத்துப் போட்டு, முன்பணமும் வாங்கிக்கொண்டு, அப்புறம் வாங்குபவரிடமே வரியை நீ கட்டு என்று கேட்டு, அவர் மறுத்ததும் போனை எடுக்காமல் விட்டால், அவர் யாரைக் குற்றம் சொல்வார்? டில்லியையா?

20 சதவீதம் உங்கள் லாபத்தைவிட அதிகம் என்பது எனக்கும் தெரியும். மொத்தத்தையும் நீங்களே சுமந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. பாதிப் பாதி பேசியிருக்கலாம், அளவைக் குறைத்திருக்கலாம், முன்பணத்தையாவது திருப்பியிருக்கலாம். தடை இருந்த காலத்திலேயே, 2023 அக்டோபரில், மலேசியாவுக்கு 1,70,000 டன் வெள்ளை அரிசி அனுப்ப நம் அரசே அனுமதி கொடுத்தது. அரசுகள் பேசிக்கொண்டிருந்தன, நீங்கள் போனை அணைத்து வைத்திருந்தீர்கள். 2024 அக்டோபர் 22இல் புழுங்கல் மீதான வரி முழுதாகப் போனது. ஆனால் அதற்குள் மலேசியாவின் கிள்ளானில் இருக்கிற உங்கள் பழைய வாங்குபவர் தாய்லாந்து, வியட்நாம் என்று வேறு கடை பார்த்துவிட்டார். பத்து டாலர் குறைத்தால், "மறுபடியும் ஏமாற்ற வருகிறான்" என்றுதான் அவருக்குத் தோன்றும்.

உண்மையிலேயே தடையில் மாட்டிய பச்சரிசிக்காரர்கள் கதை வேறு. அவர்களிடமும் ஒன்று கேட்கிறேன்: அரசாணை நகலோடு எழுத்தில் தெரிவித்தீர்களா? "போன்ல சொன்னேன்" என்பது எந்தத் தகராறிலும் நிற்காது.

சரி, இப்போது என்ன செய்வது? முதலில் பழைய கணக்கை முடியுங்கள். முன்பணத்தில் பாக்கி இருந்தால் வங்கி வழியாகத் திருப்புங்கள், தயவுசெய்து சென்னையில் இருக்கும் வாங்குபவரின் மச்சானிடம் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள், வங்கிப் பதிவில் அந்தத் தொகை திருப்பாத பாக்கியாக அப்படியே நிற்கும். மொத்தமாக முடியாவிட்டால் அடுத்த சரக்குகளில் கழித்துக்கொள்ளக் கேளுங்கள், அதையும் எழுத்தில். நடந்தது எங்கள் பக்கத் தவறு என்று நேராகச் சொல்லுங்கள், நான்கு வரி போதும். விலைப் பேச்சு அந்தக் கடிதத்தில் வரவே கூடாது.

அவர் பதில் போட்டால் முதல் ஆர்டரை ஒரு கன்டெய்னரோடு நிறுத்துங்கள். முழு முன்பணம் கேட்காதீர்கள். ஏற்றுவதற்கு முன் அவர் சொல்லும் ஆளே வந்து ஈரப்பதம், நொய் சதவீதம் பார்க்கட்டும். இடையில் புது வரி வந்தால் யார் எவ்வளவு ஏற்பது, தடை வந்தால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி, கையெழுத்துப் போடும் முன் என்னிடமோ வேறு யாரிடமோ ஒருமுறை காட்டிவிடுங்கள்.