பந்தயத் தளத்துக்குக் கார்டில் பணம் கட்டினால் வங்கி ஏன் தனியாகப் பிடிக்கிறது?

ஆன்லைன் பந்தயத் தளத்துக்கு கிரெடிட் கார்டில் பணம் கட்டியவர், மாதக் கடைசியில் ஸ்டேட்மென்ட்டைத் திறந்தால் பெரும்பாலும் மூன்று வரிகளைப் பார்ப்பார். ஒன்று, கட்டிய தொகை. அடுத்தது 'கேஷ் அட்வான்ஸ் கட்டணம்', அதாவது கார்டிலிருந்து பணமாக எடுத்ததற்கான கட்டணம். மூன்றாவது, அதற்கான வட்டி. ஏடிஎம் பக்கமே போகவில்லையே, பணமாக எதையும் எடுக்கவில்லையே என்று அவர் வங்கிக்குப் போன் போட்டால், விதிமுறையில் இருக்கிறது என்ற பதில்தான் கிடைக்கும். உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அந்த விதி எந்த இடத்தில் வேலை செய்கிறது என்று யாரும் விளக்குவதில்லை.

கார்டில் பணம் கட்டும்போதெல்லாம், அந்தக் கார்டைக் கொடுத்த வங்கிக்கு ஒரு மின்செய்தி போகிறது. அதன் வடிவத்தை ஐஎஸ்ஓ 8583 என்ற சர்வதேசத் தரம் வகுத்திருக்கிறது. தொகைக்கு ஒரு கட்டம், நேரத்துக்கு ஒரு கட்டம் என எண் போட்ட கட்டங்கள். அதில் 18-ஆவது கட்டத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். பணத்தைப் பெறுபவர் என்ன தொழில் செய்கிறார் என்பதைச் சொல்லும் குறியீடு அது. மளிகைப் பேரங்காடி என்றால் 5411. உணவகம் என்றால் 5812. பந்தயம், கேசினோ, லாட்டரி என்றால் 7995.

இந்த எண்ணைத் தருவது உங்கள் வங்கி இல்லை. பந்தய நிறுவனத்துக்குக் கணக்கு வைத்துக் கொடுத்து, அதற்காகப் பணத்தை வாங்கித் தரும் எதிர்ப்பக்க வங்கி, விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டு நெட்வொர்க்கின் விதிப்படி அதைக் கொடுக்கிறது. உங்கள் வங்கிக்கு நீங்கள் எந்த அணி மீது கட்டினீர்கள், ஜெயித்தீர்களா தோற்றீர்களா என்பதெல்லாம் தெரியாது. 7995 என்று பார்த்ததுமே அதன் கணினி, 'இதை வாங்கிய பொருளாக எழுதாதே, எடுத்த பணமாக எழுது' என்று முடிவெடுத்துவிடும். மனிதர் யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை.

சரி, பந்தயம் எப்படிப் பணமாகிறது? பந்தயத் தளத்தில் கட்டும் தொகை உடனே செலவாகிவிடுவதில்லை. அது ஒரு கணக்கில் இருப்பாக நிற்கிறது. ஆடாமலே கூட அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி இருக்கலாம். இப்போது கார்டு கொடுத்த வங்கியின் இடத்திலிருந்து பாருங்கள். பொருள் வாங்கினால் வழக்கமாகச் சில வாரங்கள் வட்டியில்லா காலம் உண்டு. பந்தயக் கணக்கில் போடுவதும் பொருள் வாங்குவதும் ஒன்று என்று வைத்தால், யார் வேண்டுமானாலும் கார்டிலிருந்து அங்கே போட்டு, அங்கிருந்து சொந்த வங்கிக் கணக்குக்கு எடுத்து, வட்டியே இல்லாத கடனாகச் சுழற்றலாம். ரிவார்டு பாயிண்டும் சேரும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் பந்தயத்தையும், கேசினோ சில்லுகளையும், வெளிநாட்டு நாணயம் வாங்குவதையும் 'பணத்துக்கு ஒப்பானவை' என்ற வகையில் போடுகிறார்கள். பணம் தோற்றவர் கடனைத் திருப்பிக் கட்டாமல் போகலாம், 'நான் கட்டவில்லை' என்று புகார் செய்து பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற பயமும் வங்கிக்கு உண்டு. ஆனால் கட்டணத்தின் வேர் முதலில் சொன்ன சுழற்சிதான் என்பது என் எண்ணம்.

கட்டணம் எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். அமைப்பு மட்டும் ஏறக்குறைய ஒன்றுதான்: தொகையில் இத்தனை சதவீதம், அல்லது குறைந்தபட்சம் இவ்வளவு, இரண்டில் எது அதிகமோ அது. இந்த 'எது அதிகமோ' என்ற சொல்தான் சின்னத் தொகை கட்டுபவரின் பையைக் காலி செய்கிறது. சதவீதம் 3, குறைந்தபட்சக் கட்டணம் 10 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாணயமானாலும் சரி. 1000 கட்டினால் கட்டணம் 30. ஆனால் 20 கட்டினாலும் கட்டணம் 10, அதாவது பாதி. அதே இருபதை ஒரே இரவில் ஐந்து தடவை கட்டினால் மொத்தம் 100, கட்டணம் 50. ஆட்டம் சூடு பிடிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவதுதான் மனித சுபாவம். அதற்குத்தான் இங்கே விலை அதிகம்.

வட்டி இன்னொரு பக்கம். எடுத்த பணம் என்று எழுதியதால் வட்டியில்லா காலம் கிடையாது. கட்டிய நாளிலிருந்தே ஓடும். பல கார்டுகளில் இதற்கான வட்டி விகிதம் பொருள் வாங்குவதற்கானதை விட அதிகம். ஆண்டுக்கு 30 சதவீதம் என்று வைத்தால், 1000-க்கு 25 நாளில் சுமார் 20.5 வட்டி. முந்தைய 30-ஐச் சேர்த்தால் 50-ஐத் தாண்டுகிறது. ஒற்றைப் பூஜ்ஜியம் உள்ள ரூலட் என்ற சுழல்சக்கர ஆட்டத்தில் கேசினோவின் சாதகம், அதாவது கட்டும் தொகையில் சராசரியாக அதற்குத் தங்கும் பங்கு, 37-ல் 1, சுமார் 2.7 சதவீதம். அது சுற்றுக்குச் சுற்று வருவது, இது பணம் போடும்போது ஒரு தடவை வருவது என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் முதல் சுற்று சுழல்வதற்கு முன்பே, கட்டணத்தால் மட்டுமே கேசினோவின் சாதகத்தைவிடச் சற்று அதிகமாக ஆட்டக்காரர் கடன்பட்டிருக்கிறார்; அந்த 25 நாள் வட்டியும் சேர்ந்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஜெயித்த பணத்தை மறுநாளே கார்டில் திருப்பிக் கட்டினால் வட்டி குறையும். கட்டணம் திரும்பி வராது.

அப்புறம் வெளிநாட்டுக் கட்டணம். இதில் பலர் ஏமாறுகிறார்கள். தளம் உள்ளூர் நாணயத்தில் தொகையைக் காட்டுகிறது, எனவே வெளிநாட்டுப் பரிமாற்றம் இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பந்தய நிறுவனங்கள் பல மால்டா, ஜிப்ரால்டர், குராசோ போன்ற இடங்களில் உரிமம் பெற்றவை. பணம் பெறும் நிறுவனம் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பார்த்தே சில வங்கிகள் இந்தக் கட்டணத்தைப் போடும். நாணயம் எதுவாக இருந்தாலும் கவலையில்லை.

எல்லாமே அந்த நான்கு இலக்கத்தில் தொங்குவதால், அதை மாற்றி எழுதும் ஆசையும் வருகிறது. அமெரிக்காவில் சட்டவிரோதச் சூதாட்டத் தளங்களுக்குப் பணம் போவதைத் தடுக்க 2006-ல் சட்டம் வந்தது. பின்னர் 2011 ஏப்ரல் 15 அன்று மூன்று பெரிய போக்கர் தளங்களை நடத்தியவர்கள் மீது அரசுத் தரப்பு வெளியிட்ட குற்றப்பத்திரிகையில், சூதாட்டப் பணத்தை நகை, கோல்ஃப் பந்து விற்பனை போலக் காட்டி வங்கிகளை ஏமாற்றினார்கள் என்பதும் ஒரு குற்றச்சாட்டு. தப்பான குறியீட்டோடு வரும் பணத்துக்குக் கேஷ் அட்வான்ஸ் கட்டணம் விழாது என்பது உண்மைதான். ஆனால் அப்படி வேஷம் போடும் தளத்திடம் ஜெயித்த பணத்தைக் கேட்டு வாங்குவது வேறு கதை.

இதே எண்ணை வைத்து ஒரேயடியாகத் தடுக்கவும் முடியும். பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதலும், ஆஸ்திரேலியாவில் ஆன்லைன் பந்தயத்துக்கு 2024 ஜூன் 11 முதலும் கிரெடிட் கார்டு செல்லாது. இந்தியாவில் 2025-ல் இயற்றிய சட்டம், பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு வங்கிகள் பணம் அனுப்பித் தரவே கூடாது என்கிறது. பிரிட்டனில் சில வங்கிகள், வாடிக்கையாளரே ஆப்பில் ஒரு பொத்தானை அழுத்திச் சூதாட்டக் கட்டணங்களைத் தடுத்துக்கொள்ள 2018 முதல் வழி செய்திருக்கின்றன. உள்ளே நடப்பது எளிது: குறியீடு 7995 என்றால் மறுத்துவிடு.

டெபிட் கார்டில் கட்டினால் கடன் இல்லை, அதனால் வட்டியும் இல்லை; சில வங்கிகள் அதிலும் தனிக் கட்டணம் வைத்திருக்கின்றன. மின்பணப்பை வழியாகச் சுற்றிப் போனாலும் தப்ப முடியும் என்று சொல்வதற்கில்லை, ஏனென்றால் பணப்பையில் பணம் ஏற்றுவதற்கே 6051 என்ற குறியீடு வரலாம், அதுவும் பணத்துக்கு ஒப்பான வகைதான். உங்கள் கார்டின் கட்டண அட்டவணையில் 'சூதாட்டம்' என்ற தலைப்பைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். 'கேஷ் அட்வான்ஸ்' என்ற பகுதியில், அதில் எவையெல்லாம் அடங்கும் என்று பொடி எழுத்தில் எழுதியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.