ஒல்லி உடம்பில் கொழுத்த கல்லீரல்

"நான் குண்டே இல்லையே, எனக்கெப்படிச் சர்க்கரை வந்தது?" நம்மிடையே அடிக்கடி கேட்கும் கேள்வி இது. 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் இரு மருத்துவர்களின் படம் வந்தது: புனேயின் சித்தரஞ்சன் யாக்னிக், லண்டனின் ஜான் யுட்கின். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடம்பிலோ 21.2. எடை இயந்திரம் இதைக் காட்டாது.

கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே இருக்கிறது என்பதே முக்கியம். சோறோ இட்லியோ செரித்துக் குளுக்கோஸ் ரத்தத்தில் ஏறியதும் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்கின்றன. கல்லீரல் தானாகச் சர்க்கரை தயாரிப்பதை நிறுத்திவிட்டு, வந்ததைக் கிளைகோஜன் என்ற சேமிப்பு வடிவில் சேர்த்துவைக்கிறது. அங்கே ஏறத்தாழ 100 கிராம்தான் கொள்ளும். அதற்குமேல் வருவதில் ஒரு பகுதி கொழுப்பாக மாறுகிறது. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதவருக்கும் கல்லீரலில் கொழுப்பு படிவது இப்படித்தான். குளிர்பானத்திலும் இனிப்பிலும் உள்ள ஃப்ரக்டோஸ் என்ற சர்க்கரை இதை இன்னும் விரைவாக்குகிறது.

தோலுக்கடியில் இடமிருக்கும்வரை இந்தக் கொழுப்பு அங்கே போய்ச் சேரும். தெற்காசியர்களுக்கு அந்த இடம் சீக்கிரமே நிரம்பிவிடுகிறது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மிச்சம் கல்லீரலிலேயே தேங்குகிறது. அப்படித் தேங்கும் டைஅசைல்கிளிசரால் என்ற கொழுப்பு, இன்சுலினின் கட்டளை செல்லுக்குள் போகும் வழியை அடைப்பதாகக் கருதப்படுகிறது. கொடுமை என்னவென்றால், எல்லாக் கட்டளையும் அடைபடுவதில்லை. 'சர்க்கரை செய்யாதே' என்பது எடுபடாமல் போகிறது, 'கொழுப்பு செய்' என்பது மட்டும் தொடர்ந்து எடுபடுகிறது. கணையம் மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்க, கல்லீரலில் கொழுப்பும் ஏறிக்கொண்டே போகிறது. இரவெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் காலையில் பரிசோதித்தாலும் சர்க்கரை கூடுதலாக இருப்பதற்கு இதுவே பெரிய காரணம்.

இந்த நிலையை மாற்றிச் சரிசெய்ய முடியும் என்பதுதான் பெரிய செய்தி. நியூகாசில் பல்கலைக்கழகத்தின் ராய் டெய்லர் குழு 2011-ல் வெளியிட்ட சிறு ஆய்வில், 11 நீரிழிவு நோயாளிகள் நாளுக்குச் சுமார் 600 கலோரி உணவில் 8 வாரம் இருந்தார்கள். ஏழே நாளில் கல்லீரல் கொழுப்பு சுமார் 30 சதவீதம் குறைந்தது, வெறும்வயிற்றுச் சர்க்கரை இயல்புக்கு வந்தது. கணையம் தேறத்தான் எட்டு வாரமும் ஆனது. மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது இது. மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வீட்டில் தாங்களாகவே முயன்றால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

அன்றாடச் சாப்பாட்டுக்கு வருவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை ஆய்வாளர்களும் சேர்ந்து நாடு முழுக்க நடத்திய ஆய்வின் உணவுக் கணக்கு 2025-ல் வெளியானது. நாம் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறதாம். மொத்தக் கலோரியில் 5 சதவீத அளவுக்கு மாவுச்சத்தைக் குறைத்துப் பருப்பு, பால், முட்டை, மீன் தரும் புரதத்தால் ஈடுகட்டினால் நீரிழிவு வாய்ப்பு குறைவாக இருப்பது தெரிந்தது. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி, கேழ்வரகு என்று மாவை மட்டும் மாற்றி, மொத்த அளவைக் குறைக்காமல் விட்டால் அந்தப் பலன் தென்படவில்லை.